மழைக்குக் கப் கிடையாது!

கிரிக்கெட்ல மழை வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஓவர் குறையும், டக்வொர்த் லூயிஸ் வரும், டார்கெட் மாறும். அமெரிக்க பேஸ்பால்ல அந்தக் கணக்கே கிடையாது பாஸ்!

மொத்தம் 9 இன்னிங்ஸ். லீக் மேட்ச்ல 5 இன்னிங்ஸ் தாண்டிய பிறகு மழை கொட்டி ஆட்டம் நின்னுபோனா, பொதுவா அப்போ முன்னிலையில் இருக்கிற டீமுக்கே வெற்றி. ஒரு சீசனுக்கு 162 மேட்ச். அதுல ஒண்ணு இப்படிப் போனா பரவாயில்லை. ஆனா, கோப்பையைத் தீர்மானிக்கிற மேட்ச்ல?

2008 அக்டோபர் 27. வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது மேட்ச், ஃபிலடெல்ஃபியாவில். 4 வெற்றி எடுத்தா கோப்பை. ஃபில்லீஸ் கையில் ஏற்கெனவே 3 இருந்தது. ஐந்து இன்னிங்ஸ் முடிவில் 2-1 என முன்னிலையும் அவங்களுக்குத்தான். செம மழை, மைதானமெல்லாம் சேறு. அப்பவே நிறுத்தியிருந்தா மழை தயவில் சாம்பியன்! ஆனா, அப்படி ஒரு முடிவை ஏத்துக்கிறதில்லைன்னு கமிஷனர் பட் செலிக் முன்கூட்டியே தீர்மானிச்சிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் டாம்பா பே ரேஸ் ஒரு ரன் எடுத்து 2-2 ஆக்க, ஆட்டம் அங்கேயே நின்றது. மீண்டும் தொடங்கியது சுமார் 46 மணி நேரம் கழித்து! ஃபில்லீஸ் 4-3 என ஜெயித்து, 1980-க்குப் பிறகு முதல் முறையா கோப்பையைத் தூக்கினாங்க. 2009-ல் விதியே மாறியது. ப்ளே-ஆஃப் மேட்ச் மழையால் நின்றால், விட்ட இடத்திலிருந்து ஆடி முடித்தே ஆகணும்.

நியாயம்தான். ஆனா, இதுல அடி வாங்குறது பிட்சரோட கை. முதலில் பந்து வீச வரும் பிட்சருக்கு ஒரு மேட்சுக்கும் அடுத்த மேட்சுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு நாள் ஓய்வு தருவது வழக்கம். மழையில் ரொம்ப நேரம் உட்கார்ந்தா சூடேறிய தசை இறுகிடும். திரும்ப அனுப்பினா காயம் ஆகலாம். 2011-ல் நியூயார்க்கில் வெர்லாண்டர், சபாத்தியா என ரெண்டு ஸ்டார்களும் மோதிய ப்ளே-ஆஃப் மேட்ச் ரெண்டே இன்னிங்ஸுக்குள் மழையில் நின்றது. மறுநாள் தொடர்ந்தப்போ வீச வந்தது வேற பிட்சர்கள்!

மழை சிலருக்கு வரமும்கூட. 2016 வேர்ல்ட் சீரிஸின் கடைசி மேட்ச், கிளீவ்லாண்டில். எட்டாவது இன்னிங்ஸில் சிகாகோ கப்ஸ் கையிலிருந்த முன்னிலை பறிபோனது. 9 இன்னிங்ஸ் முடிவில் 6-6. அப்போ 17 நிமிஷம் மழை. ஜேசன் ஹேவார்டு மொத்த டீமையும் ஜிம் அறைக்குள் கூட்டிப்போய் தைரியம் சொன்னார். பத்தாவது இன்னிங்ஸில் 8-7 வெற்றி. 108 வருஷ ஏக்கம் தீர்ந்தது!

வேர்ல்ட் சீரிஸ் மேட்ச் பெரும்பாலும் நமக்கு விடியற்காலை அஞ்சரை மணி வாக்கில் தொடங்கும். மழைன்னு தார்பாலின் விரிச்சா டி.வி-யை அணைச்சிட்டுத் தூங்கிடாதீங்க. திரும்ப ஆட வரும்போது பிட்சர் மாறியிருக்காரான்னு முதல்ல பாருங்க!