பாடும் ப்ராசஸரும்: பழவேற்காட்டில் ஒரு ஹார்ட்வேர் வகுப்பு

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி நிறைய பேர்கிட்ட இருந்து வந்துச்சு: "அக்கா, ஏ பிளஸ் சர்டிஃபிகேட் படிக்கலாமா? காசுக்கு வொர்த்தா?" ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா நான் பழவேற்காட்டுல ஒரு மீனவக் குப்பத்துல சில ஞாயிற்றுக்கிழமை ஹார்ட்வேர் வகுப்பு எடுத்தேன். அந்தக் கதையைச் சொன்னா பதில் உங்களுக்கே புரியும்.

சென்னையில இருந்து வடக்கே, பொன்னேரி தாண்டிப் போனா பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வங்கக் கடல். இந்தியாவுல சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இதுதான். டச்சுக்காரங்க கோட்டை கட்டின ஊர். இப்ப வார லீவுல போட்டுல ரவுண்டு போக நம்ம ஆளுங்க வர்ற ஊர்.

முதல் நாள் ஒரு பொண்ணு பழைய லேப்டாப் ஒண்ணைத் துணியில சுத்திக் கொண்டு வந்தா. அவ அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் குடுத்தது. 2011 செப்டம்பர்ல இலவச லேப்டாப் திட்டம் தொடங்கினது இதே திருவள்ளூர் மாவட்டத்துலதான், காக்களூர்ல. ஆரம்பத்துல குடுத்த மெஷின்கள்ல 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் கூடவே பாஸ்னு ஒரு லினக்ஸும் இருந்துச்சு. அது சி-டாக் உருவாக்கினது. ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும். ஒரே மெஷின்ல ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கலாம்ங்கிற பாடத்தை தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான பிள்ளைங்க அந்தக் கறுப்புத் திரையிலதான் முதல்ல பார்த்தாங்க.

"லைட் எரியுது அக்கா, படம் வரல"ன்னா. உள்ள அண்ணன் கல்யாண ஃபோட்டோ எல்லாம் இருக்காம். வேற காப்பி கிடையாது.

இங்கதான் ஏ பிளஸ் சிலபஸ்ல எனக்குப் பிடிச்ச பகுதி வருது. பழுது பார்க்க ஆறு படி சொல்லித் தர்றாங்க. ஒண்ணு, பிரச்சினை என்னன்னு விசாரி: கடைசியா எப்ப வேலை செஞ்சது, நடுவுல என்ன மாறுச்சு? ரெண்டு, காரணத்தை ஊகி, அதுவும் எளிமையான காரணத்துல இருந்து. மூணு, ஊகத்தைச் சோதிச்சுப் பார். நாலு, திட்டம் போட்டுச் சரி பண்ணு. அஞ்சு, எல்லாம் ஓடுதான்னு பார்த்து, திரும்ப வராம இருக்க வழி செய். ஆறு, எழுதி வை.

விசாரிச்சோம். கீழ விழல, தண்ணி படல. மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் சும்மா இருந்திருக்கு. எளிமையான ஊகம்: ரேம். பேட்டரியைக் கழட்டி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சு, மிச்ச மின்சாரத்தை வடிய விட்டோம். மூடியைத் திறந்தா ஸ்க்ரூ எல்லாம் துரு. ரேம் காலு மங்கிப் போயிருக்கு.

புத்தகத்துல முதல் அத்தியாயத்துலயே ஸ்டாட்டிக் மின்சாரம் பத்தி பயமுறுத்துவாங்க. கையில பட்டை கட்டு, கார்ப்பெட்ல நடக்காதேன்னு. அது காய்ஞ்ச காத்து இருக்கிற ஊருக்கும் ஏசி ரூமுக்கும் பெரிய ஆபத்து. பழவேற்காட்டுக்குப் பெரிய வில்லன் வேற: உப்பு. உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். போர்டு மேல கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணிப் படலம் படியும். அது மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, நல்லா காய விட்டு, ரேமைத் திரும்ப அழுத்தி மாட்டினோம். படம் வந்துச்சு. முதல் வேலையா ஃபோட்டோவை எல்லாம் பென்டிரைவுக்கு மாத்தினோம். அப்புறம் அவ நோட்டுல ஆறாவது படியை எழுதினா: தேதி, அறிகுறி, காரணம், செஞ்சது.

அடுத்த வாரம் ஆபரேட்டிங் சிஸ்டம். ப்ராசஸர்னா என்ன, ஷெட்யூலர்னா என்னன்னு போர்டுல படம் போட்டேன். யார் முகத்துலயும் ஒண்ணும் ஓடல. அப்ப பின்னாடி இருந்து ஒரு பையன் சொன்னான்: "இது பாடு மாதிரிதானே?"

தெரியாதவங்களுக்கு: பழவேற்காட்டு ஏரியில தலைமுறை தலைமுறையா பாடுன்னு ஒரு முறை இருக்கு. இறால் நல்லா விழுற இடம் கொஞ்சம், வலை நிறைய. எல்லாரும் ஒரே இடத்துல இறங்கினா சண்டைதான். அதனால யாரு, எந்த நாள், எந்த இடத்துல வலை போடணும்னு ஊரே முறை வகுத்து வெச்சிருக்கு. உன் முறை முடிஞ்சா அடுத்தவனுக்கு விடணும். நல்ல இடம், சுமாரான இடம் எல்லாருக்கும் சுத்தி வரும்.

ப்ராசஸரும் அதேதான். ஒரு கோர்ல ஒரு நேரத்துல ஒரு வேலைதான் ஓடும். பாட்டு, பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாம் வரிசையில நிக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொண்ணுக்கும் சில மில்லிசெகண்ட் குடுத்து, நிறுத்தி, அடுத்ததைக் கூப்பிடும். அது ரொம்ப வேகமா நடக்கிறதால எல்லாம் ஒண்ணா ஓடுற மாதிரி நமக்குத் தெரியுது. 2007ல லினக்ஸ்ல வந்த ஷெட்யூலருக்குப் பேரே 'முழுக்க நியாயமானது'ன்னுதான் வெச்சாங்க. வகுப்பே சிரிச்சிடுச்சு.

சிரிப்பு அடங்கினதும் அந்த லேப்டாப் பொண்ணு கேட்டா: "பாடு எங்க அப்பாவுக்கு இருக்கு. நாளைக்கு அண்ணனுக்கும் வரும். எனக்கு?"

வரிசைக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் பாடு நியாயமா நடக்கும். வரிசையில யார் சேரலாம்ங்கிறது வேற கேள்வி. ஊர் ஆம்பளைங்களுக்குத்தான் அந்த உரிமை. பொம்பளைங்களுக்குக் கிடையாது. ஏரியை நம்பி வாழ்ற மத்த சமூகங்கள் பலதும் இந்த முறைக்கு வெளியதான். அவ கேட்டதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்ல.

ஏ பிளஸ் அவளுக்கு ஒரு வரிசையைத் திறக்குமா? கணக்கைப் பார்க்கலாம். இது காம்ப்டியா நடத்துற தேர்வு. 1993ல இருந்து இருக்கு. ரெண்டு தாள்: ஒண்ணு ஹார்ட்வேர், நெட்வொர்க், இன்னொண்ணு ஆபரேட்டிங் சிஸ்டம், பாதுகாப்பு. ஒவ்வொண்ணும் 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்வி. 900க்கு முதல் தாள்ல 675, ரெண்டாவதுல 700 எடுத்தா பாஸ். மூணு வருஷம் செல்லும். 2025 மார்ச்ல புது வரிசை வந்துச்சு: 220-1201, 220-1202. பழைய புத்தகத்தை வாங்கி ஏமாறாதீங்க. எழுத டிகிரி வேண்டாம், அது பெரிய நல்ல விஷயம். ஆனா அமெரிக்க விலையில ரெண்டு தாளும் சேர்த்து 500 டாலருக்கு மேல. தமிழ்ல எழுத முடியாது. ஒரு மீனவக் குடும்பத்துக்கு இது சின்னக் காசு இல்ல.

அதனால அவளுக்கு நான் சொன்னது, உங்களுக்கும் சொல்றேன். பாடத்தையும் தேர்வையும் பிரிச்சுப் பாருங்க. சிலபஸை காம்ப்டியா தளத்துல இலவசமா இறக்கிக்கலாம். புரொஃபசர் மெஸ்ஸர் யூட்யூப்ல முழுப் பாடத்தையும் இலவசமாவே நடத்துறாரு. முதல்ல அதைப் படிங்க. பத்து மெஷினையாவது திறந்து மூடுங்க, ஒவ்வொண்ணுக்கும் நோட்டு எழுதுங்க. ஐ.டி. சப்போர்ட், ஹெல்ப் டெஸ்க் வேலைக்குப் போறீங்க, அந்தக் கம்பெனி இந்தச் சான்றிதழைக் கேக்குதுன்னா மட்டும் தேர்வுக்குக் காசு கட்டுங்க. பத்தாவது முடிச்சவங்க அரசு ஐ.டி.ஐ.யையும் விசாரிங்க. ஹார்ட்வேர், நெட்வொர்க் பராமரிப்புக்கே தனிப் பிரிவு இருக்கு. செலவு ரொம்பக் குறைவு.

மீனவ ஊருக்கு கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு ஒண்ணு. 1998ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் கிராமங்கள்ல தகவல் மையம் தொடங்குச்சு. வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படை இணையதளத்துல இருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில சொன்னாங்க. கடலுக்குப் போறதா வேண்டாமான்னு அதைக் கேட்டு முடிவு பண்ண முடிஞ்சுது. அப்படி ஒரு மெஷின் உப்புல செத்துப் போனா, சரி பண்ண பக்கத்துலயே ஆள் வேணும்.

அந்தப் பொண்ணு இன்னும் தேர்வு எழுதல. போன மாசம் அவ நோட்டைக் காட்டினா. பதினாலு பக்கம் நிரம்பியிருக்கு. பதினாலாவது பக்கத்துல, சரியாகாத ஒரு மெஷின். காரணம்னு இருக்கிற இடத்துல "தெரியல, ஞாயிறு கேக்கணும்"னு எழுதியிருந்தா.

இந்த ஞாயிறு நான் போறேன். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.