சுட்டியும் தொடுபலகையும்

மடிக்கணினியிலே நீண்டதொரு விண்ணப்பத்தை ஒருவர் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறார். அவர் கண் கையெழுத்துப் பிரதியின்மீது, விரல்கள் விசைகளின்மீது. சிறிது நேரங்கழித்துத் திரையை நிமிர்ந்து பார்க்கிறார். இறுதியாக எழுதிய மூன்று வரிகள் இறுதியில் இல்லை. மேலே எங்கோ ஒரு வாக்கியத்தின் நடுவே புகுந்து கிடக்கின்றன. முன்னர் எழுதிய பந்தியொன்றும் மறைந்துவிட்டது. கணினி பழுதுற்றது என்றே அவர் எண்ணுகிறார். உண்மையில் பழுது எதுவும் இல்லை. அவர் பக்கத்திலே சுட்டி ஒன்றை இணைத்து வைத்திருக்கிறார். அதே வேளை, விசைப்பலகைக்குக் கீழேயுள்ள தொடுபலகையும் விழித்திருக்கின்றது. அவருடைய உள்ளங்கை அதன்மேற் பட்டுவிட்டது. ஒரு வண்டிக்கு இரு சாரதிகள் அமைந்த கதைதான் இது.

இவ்விரு கருவிகளும் வெவ்வேறு தேவைகளின் பொருட்டுப் பிறந்தவை. மௌஸ் என வழங்கும் சுட்டியைக் கருதியவர் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். கலிபோர்ணியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில், 1964ஆம் ஆண்டில், பில் இங்கிலிஷ் என்பவர் அதன் முதல் மாதிரியைச் செய்தார். அது ஒரு சிறு மரப்பெட்டி. அடியிலே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சில்லுகள். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரிலே அது பலரறியக் காட்டப்பட்டது. சுட்டிக்கு மேசை வேண்டும். மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணினிக்கு மேசை எங்கே? ஆகவே, 1994ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட பவர்புக் 500 வரிசைக் கணினிகளிலே, விசைப்பலகைக்கு முன்னால் தொடுபலகை அமைந்தது. பின்னர் ஏனைய நிறுவனத்தாரும் அவ்வழியைக் கைக்கொண்டனர்.

தொடுபலகை அழுத்தத்தை அறிவதன்று, மின்னை அறிவது. அதன் பரப்பின் கீழே நுண்ணிய மின்வாய்கள் வலைபோல அமைந்திருக்கின்றன. மனித உடல் மின்னைக் கடத்துவதாகையால், விரல் அணுகியதும் அவ்விடத்தின் மின்கொள்ளளவம் மாறுகின்றது. அம்மாற்றம் நேர்ந்த இடத்தைக் கணித்தே சுட்டுக்குறி நகர்த்தப்படுகின்றது. விரல் மின்னைக் கடத்துவது போலவே உள்ளங்கையும் கடத்தும். தொடுகையின் பரப்பு பெரிதாயின் அது கையென்று கொண்டு புறக்கணிக்கவும், விசைகள் இயங்கும்போது பலகையைச் சற்றே அடக்கி வைக்கவும் இக்காலக் கணினிகள் பயிற்றப்பட்டுள்ளன. எனினும் பெருவிரலின் ஓரம் மெல்லப் பட்டால், அது விரும்பித் தொட்டதா, தவறிப் பட்டதா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

இதற்குப் பரிகாரம் கணினியினுள்ளேயே இருக்கின்றது. விண்டோஸ் 11 இல் இயங்கும் பல மடிக்கணினிகளில், செட்டிங்ஸ் என்னும் பகுதியிலே, புளூடூத் அண்ட் டிவைசஸ் என்பதன் கீழ் டச்பேட் பக்கம் உண்டு. சுட்டி இணைந்திருக்கும்போதும் தொடுபலகை இயங்கட்டும் என்ற பொருள்பட ஒரு கட்டம் அங்கே காணப்படும். அதிலுள்ள அடையாளத்தை நீக்கிவிட்டால், சுட்டி வந்ததும் தொடுபலகை உறங்கும். சுட்டியை அகற்றியதும் விழிக்கும். ஆப்பிள் கணினிகளிலோ இதையொத்த ஏற்பாடு, அக்செசிபிலிட்டி பிரிவில், பாயின்டர் கண்ட்ரோல் என்பதன்கீழ் உள்ளது. தொடுபலகையை முற்றாக நிறுத்த விரும்பாதார், தட்டினால் சொடுக்கும் வசதியை மட்டும் நிறுத்தலாம். அப்போது கை பட்டாலும் சுட்டுக்குறி நகருமேயன்றி எழுத்து இடம் மாறாது.

தொடுபலகையை நிரந்தரமாக நிறுத்துவதை விட, சுட்டியோடு பிணைத்து வைக்கும் இம்முறையே சிறந்தது. நிரந்தரமாக நிறுத்தியவர், சுட்டியை வீட்டில் மறந்து பயணம் போனால் செயலற்றுப் போவார். பல கணினிகளின் மேல்வரிசை விசையொன்றில் தொடுபலகையின் சிறு சித்திரம் இருக்கும். அதனை அறியாமல் அழுத்திவிட்டு, பலகை கெட்டதென்று திருத்துவோரிடம் கொண்டு செல்வோரும் உளர். பணம் கொடுக்குமுன் அவ்விசையை மறுபடி அழுத்திப் பார்ப்பது நன்று.

இம்முறையிலும் ஒரு பொறி உண்டு. கம்பியில்லாச் சுட்டிகள் சிலவற்றுக்கு, கணினியிற் செருகும் சிறு வாங்கி ஒன்று இருக்கும். சுட்டி வீட்டிலிருந்தாலும், அதன் மின்கலம் தீர்ந்திருந்தாலும், வாங்கி செருகியபடியே இருக்குமாயின், சுட்டி இணைந்திருப்பதாகவே கணினி கருதக்கூடும், தொடுபலகை எழாது. அவ்வாங்கியைக் கழற்றினாற் போதும். அதனாலும் பயனில்லையாயின் விசைப்பலகை கைகொடுக்கும். விண்டோஸ் விசையை அழுத்தி, டச்பேட் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தட்டி, என்டர் விசையால் அப்பக்கத்தைத் திறக்கலாம். டாப் விசையால் உரிய இடத்தை அடைந்து, இடைவெளி விசையால் நிலையை மாற்றலாம்.

விண்ணப்பம் எழுதியவரின் மறைந்த பந்தியும் மீளக்கூடியதே. உடனே கவனித்தால், விண்டோஸ் கணினியிலே கண்ட்ரோல் விசையோடு இசட் விசையைச் சேர்த்து அழுத்த, நேர்ந்த மாற்றங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். கவனியாது அனுப்பிவிட்டால், பிழை அவர் பெயரிலேயே போய்ச் சேரும். எழுத அமருமுன் எந்தக் கருவிக்குக் கணினி பணிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு நாள் உழைப்பை அது காக்கும்.