டாஃபடில் பறவையா, பூவா?

ஆங்கிலப் பாடவேளைக்கு மணி அடித்ததும் நம் மாணவியர் சிலரின் முகம் வாடிவிடுகிறது. கணக்கில் கெட்டிக்காரியாக இருப்பவளும், "டீச்சர், இங்கிலீஷ் மட்டும் எனக்கு வராது" என்று கூறிவிடுகிறாள். வராது என்பது உண்மையன்று. வரும் வழியை நாங்களே பல நேரங்களில் அடைத்து வைக்கிறோம். என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன்.

வேர்ட்ஸ்வொர்த் எழுதிய டாஃபடில் கவிதையை நடத்தி முடித்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து அதன் சுருக்கத்தைச் சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். "நன்று. டாஃபடில் என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். சற்று விழித்துவிட்டு, "பறவை, டீச்சர். அதுதானே நடனம் ஆடுகிறது?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுருக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்தானே!

மறுநாள் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன். டாஃபடில் ஒரு மஞ்சள் பூ. நடுவில் சிறு குழல் போன்ற அமைப்பு உடையது. இங்கிலாந்தின் நீண்ட குளிர்காலத்தில் மரங்கள் இலையின்றி நிற்கும். அது முடியும் தறுவாயில் பூக்கும் மலர்களுள் இதுவும் ஒன்று. அங்குள்ளவர்க்கு இதைக் கண்டதும் ஏன் உள்ளம் துள்ளுகிறது என்பது இப்போது விளங்குமல்லவா?

இன்னொன்றும் சொன்னேன். கவிஞர் அந்தப் பூக்களை 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கண்டார். உடன் சென்ற தங்கை டோரதி, அக்காட்சியைத் தம் நாட்குறிப்பில் அழகாக எழுதி வைத்தார். அண்ணன் கவிதை எழுதியது அதற்குப் பிறகுதான். அது 1807இல் அச்சானது. அதில் இரண்டு அடிகள் மனைவி மேரி தந்தவை என்று கவிஞரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கவிதையிலோ தனியே அலைந்ததாகச் சொல்கிறார்!

"தங்கச்சி கூடப் போயிருக்க, ஏன் டீச்சர் தனியாப் போனேன்னு எழுதினார்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அந்த வரிசையிலிருந்து அவ்வாண்டு வந்த முதல் கேள்வி அது. பொய் சொல்லிவிட்டார் என்றாள் ஒருத்தி. பிற்பாடு தனிமையில் நினைத்து மகிழ்வதைப் பற்றிய கவிதையாதலால், தொடக்கத்திலும் தனிமை வேண்டியிருந்தது என்றாள் மற்றொருத்தி. சுருக்கம் எழுதிப் போடும் வழக்கத்தை அன்றே விட்டுவிட்டேன்.

இலக்கணமும் இப்படித்தான். நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளுள் பல, தமிழை நன்கு அறிந்திருப்பதால் வருபவை. 'நேற்று வந்தேன்' என்றால் நமக்குப் போதும். வந்தது நான்தான் என்பதை 'ஏன்' விகுதியே காட்டிவிடும். ஆங்கிலத்தில் நான், நீ, அவள், அவர்கள் யார் வந்தாலும் 'கேம்' ஒன்றுதான். ஆகவே 'ஐ' என்பதை விட்டுவிட்டால் வந்தவர் யாரென்று தெரியாது. 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் தமிழில் பொருள் ஒன்றே. வேற்றுமை உருபு காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் இடம் மாறினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும்! இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு மறக்கவில்லை. (கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லில் ஒலிக்காத 'கே' எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஒரு காலத்தில் அதை ஒலித்தார்கள். ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது.)

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மாலையில் பத்து நிமிடம் மகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பின்பு புத்தகத்தை மூடிவிட்டு, அக்கதையைத் தமிழில் கேளுங்கள். அவள் தடுமாறினால், எங்கே தடுமாறினாள் என்பதை எங்களிடம் தெரிவியுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வாரம், தாம் கண்ட ஏதேனும் ஒரு பூவைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்கள் எழுதி வரச் சொன்னேன். 'பறவை' என்று சொன்ன மாணவியும் எழுதி வந்தாள். தன் ஊர் ஏரியில் உள்ள அல்லி ஆடாது, பகலெல்லாம் தூங்கும், இரவில் தண்ணீர்ப் பாம்புக்குத் துணையாக விழித்திருக்கும் என்று எழுதியிருந்தாள். எந்த உரைநூலிலும் இல்லாத வாக்கியங்கள். பிழைகள் நான்கு இருந்தன. அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம்.