இனாமா, சம்பளமா?

அமெரிக்காவிலுள்ள பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ போய்வரும் நம்மவர்களை, அங்குள்ள ஹோட்டல்களில் சாப்பாட்டைக் காட்டிலும் அதிகமாகத் திகைக்க வைப்பது சாப்பாடு முடிந்த பிறகு வரும் பில்தான். அதன் அடியில் ‘டிப்’ என்று அச்சிட்டு, தொகைக்கு இடம் காலியாக விட்டிருப்பார்கள். பரிமாறியவர் முகமலர்ச்சியுடன் உபசரித்திருந்தால் தொல்லையில்லை. நூற்றுக்கு 15 முதல் 20 வரை கொடுப்பது அந்நாட்டு வழக்கம். ஆனால் கேட்ட பண்டம் ஒன்று, வந்த பண்டம் வேறு. தண்ணீர் கேட்டு அரை மணி ஆயிற்று. ஏனென்று விசாரித்தால் முகத்தைச் சுளிக்கிறார். அப்போது அந்தக் காலி இடத்தில் என்ன எழுதுவது?

“ஒரு காசும் கொடாதே” என்றுதான் நமக்குத் தோன்றும். இனாம் என்பது மனம் மகிழ்ந்து கொடுப்பதல்லவா? மகிழாத மனத்திலிருந்து இனாம் எப்படி வரும்? நியாயமான கேள்விதான். ஆனால், அங்கே கொடுப்பது மெய்யாகவே இனாமாக இருந்தால்தான் இந்த நியாயம் செல்லும்.

அது இனாம் அல்ல. சம்பளத்தில் ஒரு பகுதி. அமெரிக்க மத்திய சர்க்காரின் சட்டப்படி, மணி ஒன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் 7 டாலர் 25 ஸெண்ட். ஆனால் இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து 2 டாலர் 13 ஸெண்ட் கொடுத்தால் போதும். 1991-லிருந்து இந்தத் தொகை உயரவேயில்லை! மீதியை வாடிக்கைக்காரர்களின் இனாம் ஈடு செய்யவேண்டும். அப்படியும் குறைந்தால் முதலாளி நிரப்பவேண்டும் என்பது விதி. பல மாகாணங்கள் இதைவிட அதிகம் நிர்ணயித்திருக்கின்றன. கலிபோர்னியா, வாஷிங்டன் முதலிய ஏழு மாகாணங்களில் முழுக் கூலியையும் முதலாளியே கொடுத்தாக வேண்டும்.

இவ்வழக்கத்தின் பூர்வோத்தரம் அவ்வளவு இனிமையானதல்ல. 1865-ல் உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தளை நீங்கிய நீக்ரோ மக்கள் பலரை, புல்மன் கம்பெனி தன் ரயில் படுக்கை வண்டிகளில் ஊழியத்துக்கு அமர்த்தியது. சம்பளம் சொற்பம், பிரயாணிகள் கொடுப்பதைக் கொண்டே அவர்கள் ஜீவிக்க வேண்டியிருந்தது. பிலிப் ராண்டால்ஃப் என்பவரின் தலைமையில் 1925-ல் சங்கம் கண்டு, 1937-ல்தான் கம்பெனியிடம் ஒப்பந்தம் பெற்றார்கள். அமெரிக்கர்களிலும் இவ்வழக்கத்தை வெறுத்தவர்கள் உண்டு. 1909-ல் வாஷிங்டன் மாகாணம் இனாமைச் சட்டத்தால் தடுத்தது. வேறு சில மாகாணங்களும் பின்பற்றின. 1926-க்குள் அச்சட்டங்கள் யாவும் மறைந்தன, இனாம் நிலைத்தது.

ஆகையால், பில்லில் கை வைக்குமுன் குற்றம் யாருடையது என்று பார்ப்பது அவசியம். பண்டம் தாமதமாக வந்தாலும் ஆறிப்போய் வந்தாலும் அநேகமாகச் சமையற்கட்டின் குறை அது. பத்து மேஜைகளுக்கு ஒருவரே ஓடி அலைந்தால், அது ஆள் வைக்காத முதலாளியின் குறை. இவற்றுக்காகப் பரிமாறியவரின் கூலியைக் குறைப்பது, ஒருவர் செய்த பிழைக்கு வேறொருவரைத் தண்டிப்பதாகும். மேலும், பல இடங்களில் மேஜை துடைப்பவர் போன்றவர்களுக்கும் அத்தொகையில் பங்கு உண்டு.

குறை பரிமாறியவருடையதேயானால், தொகையைக் குறைப்பதில் தவறில்லை. 50 டாலர் பில்லுக்கு 10 டாலர் கொடுக்க எண்ணியிருந்தவர் 5 டாலர் கொடுக்கலாம். ஆனால் காரணத்தை அவரிடமோ மானேஜரிடமோ நிதானமாகச் சொல்லிவிட வேண்டும். வாய் திறவாமல் ஒன்றும் கொடாது எழுந்துபோனால், ‘மறந்துவிட்டார்’ என்றோ, ‘கருமி’ என்றோதான் அவர் நினைப்பார். தம் பிழையை உணரமாட்டார். இன்னொன்று: பலர் கூடிச் சாப்பிட்டால் இனாமையும் பில்லிலேயே சேர்த்துவிடும் ஹோட்டல்கள் உண்டு. படித்துப் பாராமல் இரு முறை கொடுத்துவிட வேண்டாம்.

நம் நாட்டின் நிலை வேறு. ‘சேவைக் கட்டணம்’ என்று ஹோட்டல்காரர்கள் பில்லில் தாமாகவே சேர்க்கக்கூடாதென்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது; 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. இங்கே கொடுப்பது உண்மையிலேயே நம் இஷ்டம். உபசாரம் சரியில்லையென்றால் கொடாதிருக்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

ஆனால் எந்தத் தேசமாயினும் ஒன்று மட்டும் மாறாது. நமக்குச் சோறிடுகிறவர் யாசகர் அல்ல, உழைப்பாளி. அவருடைய பிழையைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு; அவரை அவமதிக்க உரிமை இல்லை. காசைக் குறைத்தாலும் மரியாதையைக் குறைக்காதிருப்பதே நாகரிகம்.