தைலப் பாட்டிலில் நான் ஒட்டிய வாசகம்

எனக்குத் தலையில் முடி கிடையாது. வங்கியில் இருந்தபோதே போய்விட்டது. அப்படிப்பட்டவன் நான்கு வருடம் கூந்தல் தைலம் காய்ச்சி விற்றேன். "ஏனுங்க, முதல்ல நீங்க தேச்சுப் பாருங்க" என்று வாரச்சந்தையில் சொல்லாத ஆள் இல்லை. அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

சத்தியமங்கலம் பக்கம் மூன்றரை ஏக்கர். இயற்கை வழிக்கு வந்த பிறகு வாய்க்கால் வரப்பில் கரிசலாங்கண்ணி தானாக மண்டியது. வேலியில் செம்பருத்தி, மருதாணி. கிணற்றடியில் கறிவேப்பிலை. தேங்காயைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக்கிக்கொண்டிருந்தோம். களை என்று பிடுங்கி எறிவதைக் காசாக்கலாமே என்று பழைய வங்கிக்காரன் புத்தி கணக்குப் போட்டது.

அதற்குத் தோதாக என் மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. தைலத்தைத் தேய்த்தாள். ஆறேழு மாதத்தில் நெற்றியோரம் பிஞ்சு முடி முளைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "முடி கொட்டுவதை நிறுத்தும், புதிய முடி வளரச் செய்யும்" என்று அச்சடித்துப் பாட்டிலில் ஒட்டிவிட்டேன்.

பின்னலாடைக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண் எங்களிடம் வாடிக்கையாக வாங்குவார். முப்பத்தைந்து வயதிருக்கும். எட்டு மாதத்தில் ஐந்து பாட்டில். "இன்னும் கொட்டுதுங்களே அண்ணா" என்பார். "இன்னும் ரெண்டு பாட்டில் பாருங்க அம்மணி, இயற்கை மெதுவாத்தான் வேலை செய்யும்" என்று நானும் சொல்லி அனுப்புவேன். ஒருநாள் அவருடைய வீட்டுக்காரர் வந்தார். வேலை செய்யுமிடத்தில் அந்தப் பெண் மயங்கி விழுந்து, அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் ஆறுக்குப் பக்கம். பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் உதிரம் அதிகமாகப் போயிருக்கிறது. முடி கொட்டியதும் அந்த ரத்தசோகையின் ஓர் அடையாளம்தான். அவர் என்னைத் திட்ட வரவில்லை. "இதுக்கும் ஏதாச்சும் எண்ணெய் இருக்குங்களா?" என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த வாரம் தெரிந்த தோல் மருத்துவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, மாணவன் மாதிரி கேட்டேன்.

ஒரு முடி இரண்டு முதல் ஆறு வருடம் வளர்கிறது, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். பிறகு மூன்று மாதம் போல ஓய்வெடுத்து விழுகிறது. தினம் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. பிரசவம், டைபாய்டு, டெங்கு, பெரிய அறுவை சிகிச்சை என்று உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. காய்ச்சலே மறந்துபோன நேரத்தில் கொட்டுவதால் நமக்குக் காரணம் புரிவதில்லை. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் தானாகவே சரியாகிவிடும். ஆக, என் மகளுக்கு முடி முளைத்தது தைலம் இல்லாமலும் நடந்திருக்கும்!

மழை பெய்து தேறிய பயிருக்கு, முந்தின நாள் தெளித்த டானிக்கைப் புகழ்கிற கதைதான் இது. மருந்துக்கடைக்காரர்கள் இதைச் செய்யும்போது நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம். அதையே நான் பச்சை நிற லேபிளில் செய்திருக்கிறேன்.

இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு இவையெல்லாம் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். என்னுடையது போன்ற ஆண் வழுக்கை பரம்பரையாக வருவது, ஹார்மோன் சம்பந்தப்பட்டது. அதற்கு மினாக்ஸிடில் என்ற மருந்து பலருக்கு ஓரளவு உதவுகிறது, விட்டால் பழையபடி கொட்டும். புழுவெட்டு என்கிறோமே, அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறது. சின்ன வட்டமாக இருந்தால் பலருக்குத் தானே முளைத்துவிடும். அந்தப் பெருமையையும் ஏதாவது ஒரு எண்ணெய் வாங்கிக்கொள்ளும். கண்டதைத் தேய்த்துத் தலையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் நம் பொருட்கள் வீணா? இல்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. முடி உடைவது குறையும். செம்பருத்தி இலையின் வழவழப்பு சிக்கு எடுக்க உதவும். சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு மூன்றிலும் நுரைக்கும் சப்போனின் இருக்கிறது, அழுக்கு போகும். எங்கள் பக்கம் எண்ணெய்க் குளியல் என்றால் அரப்புதான். உசிலை மரத்து இலையை நிழலில் காயவைத்து இடித்துச் சலித்தது. கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, அம்மாவிடம் குளித்தவர்களுக்குத் தெரியும். அதே அரப்பை மோரில் புளிக்கவைத்துப் பயிருக்கும் அடிக்கிறோம். வேலியோரம் இரண்டு உசிலை மரம் விடுங்கள்.

நரைக்கு வருவோம். வெறும் மருதாணி கருப்பு தராது, செம்மை நிறம்தான் தரும். மருதாணி போட்டு அலசிய பிறகு அவுரி இலைப்பொடி போட்டால் கருக்கும். அவுரி பயறு வகைக் குடும்பம், பசுந்தாள் உரமாகவும் ஆகும், மானாவாரி நிலத்துக்கு நல்ல யோசனை. "கருப்பு மருதாணி" என்று வரும் பாக்கெட்டுகள் பலவற்றில் பிபிடி என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கிறது. சிலருக்கு முகமே வீங்கிவிடும். வாயில் போனால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இளசுகள் விஷயம் வேறு. என் பேரன் இரு பக்கமும் வழித்து நடுவில் மட்டும் ராகி நாற்றங்கால் மாதிரி வைத்திருக்கிறான். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, மறுபடி வளர்ந்துவிடும். அண்ணன் பேத்தி சூட்டாலும் ரசாயனத்தாலும் முடியை நேராக்கிக்கொண்டு, நுனியெல்லாம் உடைந்து வந்து நின்றாள். தோலுக்கு வெளியே இருக்கும் முடிக்கு உயிர் இல்லை, எந்த ஊட்டமும் அதை ஆற்றாது. வெட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம், தைலம் காய்ச்சும் நண்பர்களுக்கு. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' என்று ஓர் அட்டவணை உண்டு. குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கக் கூடாத நோய்கள், குறைகளின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புதிய முடி வளர்ப்பதும் இருக்கிறது. விற்பனைக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்க உரிமமும் வேண்டும். விதிப்புத்தகத்தை வைத்தே சம்பளம் வாங்கியவன் நான், இதைப் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

மீதியிருந்த லேபிள்களைக் கிழித்துவிட்டேன். உரிமம் கிடைக்கும் வரை தைலம் வீட்டுக்கு மட்டும். வாங்கிய பழைய ஆட்களில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "மூணு மாசத்துக்கு மேல கொட்டுச்சுன்னா ரத்தம் பாத்துக்குங்க" என்று சொன்னேன். ஏழெட்டுப் பேர் கோபித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் "எங்களுக்குக் கேட்டுச்சுங்க, தைலம் குடுங்க" என்று இன்னும் விடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். கரிசலாங்கண்ணியை இப்போது கட்டுக் கட்டிக் கீரையாகச் சந்தைக்குக் கொண்டுபோகிறேன். கட்டு பதினைந்து ரூபாய். போன வாரம் இரண்டு கட்டு வாங்கிப் போனார்.