கட்டற்ற மென்பொருளின் முகவரி யார் கையில்?

கேரள மாநிலத்தின் கிழக்கு எல்லையில், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். கொழிஞ்சாம்பாறையின் வேளாண் குடும்பங்களும், மூணாறு, வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்களும் இவர்களுள் அடங்கும். இவர்களுடைய குழந்தைகளில் ஒரு பகுதியினர் தமிழ்வழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் மாநில அரசுடன் தொடர்பு கொள்ள வழி செய்தது. அந்த உரிமை வகுப்பறைக் கணிப்பொறிக்கும் எட்டியிருக்கிறது.

இப்பள்ளிகளின் கணிப்பொறிகளில் இயங்குவது கட்டற்ற மென்பொருள். 2001இல் தொடங்கப்பெற்ற 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், சில ஆண்டுகளிலேயே உரிமக் கட்டணம் கோரும் மென்பொருள்களைக் கைவிட்டு, குனு/லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றது. அத்திட்டமே 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் இவ்வாறு மாறியதால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்பது 2019இல் வெளியான மதிப்பீடு. மாணவர்கள் படம் வரைய 'கிம்ப்' செயலியும், கடிதம் எழுத 'லிப்ரே ஆபீஸ்' செயலியும் பயன்படுகின்றன. தமிழ்வழிப் பாடநூல்கள் 'சமக்ரா' வலைதளத்தில் கிடைக்கின்றன.

உரிமக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. எனினும், கட்டற்ற மென்பொருளுக்கும் ஒரு முகவரி வேண்டும். தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். மென்பொருளைப் பதிவிறக்கவும், பிழைதிருத்தம் பெறவும், பாடநூலைப் படிக்கவும் மாணவர் செல்வது அந்த முகவரிக்கே. மென்பொருளின் குறிமூலத்தைக் கட்டணமின்றி எவரும் படியெடுக்கலாம். முகவரியைப் படியெடுக்க இயலாது. ஒரு நேரத்தில் அது ஒருவர் பெயரில் மட்டுமே இருக்க முடியும். இவ்வேறுபாடே இத்துறையின் நிர்வாகச் சிக்கல்களுக்கு மூலகாரணம்.

முகவரியும் இருப்பிடமும்

இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறியும் ஓர் எண்ணால் அறியப்படுகிறது. எண்களை மனிதர் நினைவில் வைப்பது அரிது. ஆகவே, பெயரைச் சொன்னால் எண்ணைக் கண்டறிந்து தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். அந்தப் பெயரே 'டொமைன்' எனப்படுகிறது. டொமைன் முகவரி, வழங்கி எனப்படும் கணிப்பொறி இருப்பிடம். வீடு மாறியவர் அஞ்சலகத்தில் புது இடத்தைப் பதிவு செய்தால் கடிதம் அங்கே வந்து சேர்வதைப் போல, வழங்கியை மாற்றினாலும் டொமைனில் புதிய எண்ணைப் பதிந்துவிட்டால் வாசகர் பழைய பெயரிலேயே வந்து சேர்வார்.

டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் அதிகாரப் படிநிலை விளங்கும். 'கைட்.கேரளா.கவ்.இன்' என்ற பெயரில் கடைசியில் நிற்கும் 'இன்' இந்தியாவைக் குறிக்கிறது. 2005 முதல் இதன் பதிவகத்தை நடத்துவது 'நிக்சி' என்னும் இந்திய தேசிய இணைய இணைப்பகம். 'கவ்.இன்' அரசு அமைப்புகளுக்கே உரியது. தேசியத் தகவலியல் மையம் அதை வழங்குகிறது. 'கேரளா' மாநில அரசின் கிளை. 'கைட்' அதனுள் ஒரு துளிர். இத்தகைய பெயரைத் தனி நபர் எவரும் விலைக்கு வாங்கவோ விற்கவோ இயலாது.

பள்ளிகளைப் பற்றிய தகவல்களை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தொகுக்கும் 'ஸ்கூல்விக்கி.இன்' 2009இல் தோன்றியது. இது நேரடியாக 'இன்' என்பதன் கீழ் பதியப்பட்ட பெயர். 2002இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற மென்பொருள் கூட்டமைப்பின் முகவரி 'எஸ்எம்சி.ஆர்க்.இன்'. இவ்விருவகைப் பெயர்களும் அங்காடியில் கிடைப்பவை. குறித்த காலத்திற்குக் கட்டணம் செலுத்தினால் பெயர் இருக்கும். செலுத்தத் தவறினால் போகும். ஆகவே, அரசு முகவரிக்கு உள்ள இயல்பான காப்பு தன்னார்வத் திட்டங்களின் முகவரிக்கு இல்லை. அதை விதிமுறைகளால் ஏற்படுத்திக் கொள்ள வேண்டும்.

குத்தகையே, கிரயம் அன்று

டொமைன் பெயரை 'வாங்கினோம்' என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது குத்தகை. ஒரே தடவையில் அதிகமாகப் பத்தாண்டுகளுக்கு மட்டுமே பதிய இயலும். காலம் முடிந்ததும் பெயர் உடனே பறிபோவதில்லை. 'காம்', 'ஆர்க்' போன்ற பொதுப் பெயர்களில், பதிவாளர் நிறுவனத்தின் விதிக்கு உட்பட்டு, 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. நீக்கப்பட்ட பின்னும் 30 நாளுக்குள் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதன்பின் ஐந்து நாள் கழிந்தால் பெயர் பொதுவில் விழும். எவரும் அதைக் கைப்பற்றலாம்.

ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாயை ஒட்டியதே. இத்தொகை இல்லாமல் திட்டங்கள் முகவரியை இழப்பதில்லை. நினைவூட்டும் மின்னஞ்சல் போய்ச்சேர்வது படிப்பை முடித்து வேலைக்குச் சென்றுவிட்ட ஒரு மாணவரின் பழைய முகவரிக்கு. கட்டணத்திற்கு இணைக்கப்பட்டிருப்பது காலாவதியான ஒரு வங்கி அட்டை. குறை பணத்தில் இல்லை, பொறுப்பை ஒப்படைக்கும் முறையில் இருக்கிறது.

உலக அனுபவம் தரும் பாடங்கள்

வழங்கிகளில் பரவலாகப் பயன்பட்ட 'சென்ட் ஓஎஸ்' இயங்குதளத்தின் வரலாறு இதற்குச் சான்று. அதன் டொமைன் பெயரும் நன்கொடைக் கணக்கும் நிறுவனர்களுள் ஒருவரிடமே இருந்தன. அவரைத் தொடர்பு கொள்ள இயலாமற்போகவே, 2009 ஜூலையில் உடனுழைத்த மற்றவர்கள் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத நேர்ந்தது. சில நாட்களில் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும், ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் நம்பியிருந்த மென்பொருள் ஒரே ஒருவரின் கடவுச்சொல்லைச் சார்ந்திருந்தது என்பது அன்று வெளிச்சமாயிற்று.

உரிமையாளர் விழிப்புடன் இருந்தாலும் ஆபத்து இல்லாமற் போவதில்லை. பெர்ல் நிரல்மொழிக்குரிய கட்டுரைத் தளத்தின் 'பெர்ல்.காம்' என்ற பெயர் 2021 ஜனவரியில் திருடப்பட்டு, அடுத்த மாதம் மீட்கப்பட்டது. 2024ஆம் ஆண்டின் 'பாலிஃபில்' நிகழ்ச்சி இதனினும் கடுமையானது. பழைய உலாவிகளுக்கு உதவும் அக்கட்டற்ற மென்பொருளின் டொமைன் பெயர் அவ்வாண்டு பிப்ரவரியில் வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. ஜூனில் அதே முகவரியிலிருந்து தீங்கான நிரல் அனுப்பப்பட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட வலைதளங்கள் அந்த முகவரியை நம்பியிருந்தன. குறிமூலம் எவரும் பார்க்கத்தக்கதாக இருந்தும், முகவரி கைமாறியதைத் தடுக்க அது உதவவில்லை.

கேரளப் பள்ளிகள் பயன்படுத்தும் லிப்ரே ஆபீஸ் பிறந்த கதையும் நினைவுகூரத் தக்கது. 'ஓப்பன் ஆபீஸ்' என்ற பெயரும் முகவரியும் ஆரக்கிள் நிறுவனத்திடம் இருந்தன. 2010 செப்டம்பரில் தன்னார்வலர்கள் பிரிந்து, தனி அறக்கட்டளை அமைக்கப் போவதாக அறிவித்தபோது, குறிமூலத்தை எடுத்துச் செல்ல முடிந்தது. பெயரை எடுத்துச் செல்ல முடியவில்லை. எனவே புதிய பெயரும் புதிய முகவரியும் வேண்டியதாயிற்று. அவற்றை இன்று அறக்கட்டளையே வைத்திருக்கிறது. டெபியன் இயங்குதளம் தொடக்கத்திலேயே வேறு வழி கண்டது. 1997இல் அமெரிக்காவில் பதியப்பட்ட 'சாப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட்' என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதன் சொத்துகளைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. உழைப்பவர்கள் வருவர், போவர், பெயர் நிலைத்திருக்கிறது.

பதிவகத்தின் உரிமையே கேள்விக்குள்ளாவதும் உண்டு. 'ஆர்க்' பெயர்களை நிர்வகிக்கும் லாபநோக்கற்ற அமைப்பை ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்திற்கு விற்கும் திட்டம் 2019 நவம்பரில் வெளியாயிற்று. உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2020 ஏப்ரல் 30ஆம் நாள் 'ஐகான்' அமைப்பு அதற்கு இசைவு மறுத்தது.

இருப்பிடத்தைப் பரவலாக்குதல்

முகவரியைப் பொறுத்தவரை ஒருமை இன்றியமையாதது. இருப்பிடத்தைப் பொறுத்தவரை பன்மையே பாதுகாப்பு. 'கிம்ப்' செயலியின் விண்டோஸ் பதிப்பு முன்னர் 'சோர்ஸ்போர்ஜ்' என்ற பொதுத்தளத்தில் வைக்கப்பட்டிருந்தது. விளம்பரங்களை வெறுத்து 2013இல் அதன் பொறுப்பாளர்கள் வெளியேறினர். 2015இல் அத்தளமே அந்தக் கணக்கைத் தன் வசப்படுத்தி, விளம்பர மென்பொருளையும் சேர்த்து வழங்கியது. கட்டணமின்றிக் கிடைக்கும் இடத்தில் குடியிருப்பவர், இடத்துக்காரரின் கொள்கை மாற்றத்திற்கு ஆட்பட்டவரே.

நல்லதோர் எடுத்துக்காட்டும் அருகிலேயே உள்ளது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு, மலையாள எழுத்துருக்களோடு, 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவையும் வெளியிட்டுள்ளது. அமைப்பின் குறிமூலம் ஒரு காலத்தில் குனு அமைப்பின் 'சவன்னா' தளத்தில் இருந்தது. பின்னர் 'கிட்லேப்' போன்ற தளங்களுக்குப் பெயர்ந்தது. அமைப்பின் சொந்த முகவரியோ வாசகரை அந்தந்தப் புதிய இடத்திற்கு வழிநடத்தியது. மேலும், மீரா இனிமை டெபியன் களஞ்சியத்திலும் கூகுள் எழுத்துருத் தொகுப்பிலும் கிடைக்கிறது. ஒரு வழங்கி நின்றாலும் எழுத்துரு மறையாது.

எல்லைப் பகுதிப் பள்ளிகளுக்கு இது தனி முக்கியத்துவம் உடையது. தேசியக் கண்ணாடியிழை வலையமைப்பின்கீழ், ஊரக அகன்ற அலைவரிசை பெற்ற நாட்டின் முதல் மாவட்டமாக இடுக்கி 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. கம்பி வந்துவிட்டால் மட்டும் போதாது. மறுமுனையில் வழங்கி விழித்திருக்க வேண்டும். மலையாளவழி மாணவருக்கு ஒரு தளம் முடங்கினால் வழிகாட்டி நூல்களும் தனியார் தளங்களும் உண்டு. கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் பயிலும் மாணவருக்கு அத்தகைய மாற்று மிகக் குறைவு. எல்லைக்கு அப்பால் தமிழ் நூல்கள் ஏராளமாக இருப்பினும், அவை வேறு பாடத்திட்டத்தைச் சார்ந்தவை. சிறுபான்மை மொழியினருக்கு வழங்கியின் ஒரு நாள் முடக்கமும் ஒரு நாள் பாட இழப்பாக முடியலாம்.

நடைமுறைக்கு உகந்த விதிகள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து சில எளிய விதிகளைப் பெறலாம். முதலாவதாக, டொமைன் பெயர் பதிவுபெற்ற சங்கம், அறக்கட்டளை அல்லது கல்வி நிறுவனத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். தொடர்பு மின்னஞ்சல் பதவிக்கு உரியதாக இருக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் அதே டொமைனைச் சார்ந்திருக்கலாகாது. டொமைன் முடங்கினால் எச்சரிக்கைக் கடிதமும் முடங்கிவிடும்.

இரண்டாவதாக, கணக்கைத் திறக்கும் அதிகாரம் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். பெயர் அனுமதியின்றி வேறு பதிவாளருக்கு மாற்றப்படாதவாறு பூட்டி வைக்கும் வசதி அனைத்துப் பதிவாளர்களிடமும் உண்டு; அதனைப் பயன்படுத்த வேண்டும். பெயரை விற்கும் நிறுவனமும் இடம் தரும் நிறுவனமும் வெவ்வேறாக இருப்பது நலம். ஒன்றோடு பிணக்கு ஏற்பட்டால் மற்றது கைகொடுக்கும்.

மூன்றாவதாக, பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும் பணி தானியங்கியாக நடைபெற வேண்டும். 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு 2015 இறுதியிலிருந்து இச்சான்றிதழ்களை இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றின் ஆயுள் 90 நாட்களாக வைக்கப்பட்டது. எல்லாச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளையும் 2029 மார்ச்சுக்குள் 47 நாட்களாகக் குறைப்பதென 2025 ஏப்ரலில் முடிவாகியுள்ளது. கையால் புதுப்பிக்கும் வழக்கம் இனி நிலைக்காது.

நான்காவதாக, நகல் எடுத்தால் போதாது. நகலிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை இச்சோதனையை நடத்தி, முடிவைப் பதிவேட்டில் குறிப்பது நன்று. பெரிய கோப்புகளின் படிகளை மாவட்ட அளவிலும் பள்ளியிலும் வைத்திருந்தால் இணைப்பு அறுந்த நாளிலும் பணி நடைபெறும்.

இறுதியாக, இனி தேவைப்படாது என்று தோன்றும் பழைய பெயர்களையும் அவசரப்பட்டுக் கைவிடலாகாது. அச்சிட்ட கையேடுகளிலும் பள்ளிக் கணிப்பொறிகளின் அமைப்புகளிலும் அப்பெயர்கள் நீண்ட நாள் உயிர்வாழ்கின்றன. கைவிட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டால், நம்பி வரும் மாணவர் அறியாத வாசலில் நிற்பார்.

தமிழிலேயே முகவரி

2010, 2011 ஆண்டுகளில் '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்னும் தமிழ் எழுத்துகளாலான உயர்நிலைப் பெயர்கள் இணையத்தின் வேர்ப்பட்டியலில் இடம்பெற்றன. ஆங்கில எழுத்தறியாத ஒரு தோட்டத் தொழிலாளி தம் குழந்தையின் பள்ளித் தளத்தைத் தமிழிலேயே தட்டெழுதித் திறப்பது தொழில்நுட்ப அளவில் இன்று இயலக்கூடியதே. ஆனால், எல்லாச் செயலிகளும் இப்பெயர்களைச் செவ்வனே ஏற்பதில்லை. எனவே, தமிழ்ப் பெயரைக் கூடுதல் முகவரியாகப் பதிந்து, பழைய பெயரையும் தொடர்ந்து பேணுவதே தற்போதைக்குத் தகுந்த முறை.

மென்பொருளை எழுதுவது ஆர்வத்தின் பணி; அதன் முகவரியைக் காப்பது நிர்வாகத்தின் பணி. முன்னது புகழ் தருவது. பின்னது தவறியபோது மட்டுமே பிறர் கண்ணில் படுவது. கட்டற்ற மென்பொருளுக்குப் பல கோடி ரூபாய் மிச்சப்படுத்தும் ஆற்றல் உண்டு என்பதைக் கேரளம் மெய்ப்பித்துள்ளது. அந்த மிச்சத்தில் மிகச் சிறிய ஒரு பங்கையும், ஒரு பதிவேட்டையும், பொறுப்பேற்கும் இரண்டு பேரையும் முகவரிக்காக ஒதுக்கினால், வண்டிப்பெரியாரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் உள்ள மாணவர் நாளையும் அதே முகவரியில் தம் பாடத்தைக் காண்பர்.