கேபிள் போன பிறகு

2016இல் ஆக்குலஸ் ரிஃப்ட்டும் எச்டிசி வைவும் சில நாள் இடைவெளியில் விற்பனைக்கு வந்தன. இரண்டுமே தலையில் மாட்டிக்கொள்ளும் திரைகள்தாம். படத்தை உருவாக்குவது முழுக்கக் கணினியின் வேலை. ரிஃப்ட்டின் கேபிள் 4 மீட்டர், வைவினுடையது 5 மீட்டர். வைவுக்கு அறையின் எதிரெதிர் மூலைகளில் லேசர் வீசும் பெட்டிகளையும் உயரத்தில் பொருத்த வேண்டும். எல்லாம் முடித்து அணிந்துகொண்டால் ஓர் உலகம் விரியும். ஆனால் ஒரே பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றினால் கேபிள் காலில் சிக்கும். எந்தப் பக்கம் எத்தனை முறை திரும்பினோம் என்ற கணக்கு விளையாடுபவரின் மனத்தில் ஓர் ஓரமாக ஓடிக்கொண்டே இருந்தது. கேபிளைக் கூரையில் கப்பி கட்டித் தொங்கவிட்டவர்களும் உண்டு. 1968இல் ஐவன் சதர்லேண்டு செய்துகாட்டிய தலைத்திரையும் கூரையிலிருந்துதான் தொங்கியது.

அந்தக் கேபிளுக்கு ஒரு பெருமை இருந்தது. கண்ணுக்கு 1080×1200 புள்ளிகள், விநாடிக்கு 90 படங்கள்: கணக்கிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 5,600 மெகாபிட். அத்தனையும் சுருக்கப்படாமல் முழுதாகக் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

2018இல் எச்டிசி கம்பியில்லா இணைப்புக் கருவி ஒன்றை விற்றது. கணினிக்குள் தனி அட்டை, மேலே ஓர் ஆன்டெனா, சட்டைப்பையில் பேட்டரி, 60 ஜிகாஹெர்ட்ஸ் அலை. நிலைத்த வழி அதுவல்ல. 2019இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட்டுக்குள்ளேயே சிறு கணினி இருந்தது. சுருக்கி அனுப்பும் வீடியோவை அதனால் விரித்துக்கொள்ள முடிந்தது. கீ கோடின் என்ற நிரலாளர் தம் விர்ச்சுவல் டெஸ்க்டாப் செயலியில், வீட்டு வைஃபை வழியாகவே கணினி விளையாட்டுகளைக் குவெஸ்ட்டுக்கு அனுப்பும் வசதியைச் சேர்த்தார். ஆக்குலஸ் அந்த வசதியைத் தன் கடையில் உள்ள பதிப்பிலிருந்து நீக்கச் சொன்னது. அவர் நீக்கினார், வேண்டியவர்கள் வேறு வழியில் நிறுவிக்கொள்ளவும் வழிசெய்தார். 2021 பிப்ரவரியில் கடையிலேயே அனுமதி கிடைத்தது. ஏப்ரலில் ஏர் லிங்க் என்ற பெயரில் நிறுவனமே அந்த வசதியைத் தந்தது. இந்த மாற்றத்தை முதலில் வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்களில் தனி மனிதர் ஒருவரும் இருந்தார் என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்று சுவரில் துளையிடும் வேலை இல்லை. கணினியை ஈதர்நெட் கேபிளால் ரௌட்டரோடு இணைத்து, ரௌட்டரை விளையாடும் அறையிலேயே வைத்து, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையை முடிந்தவரை ஹெட்செட்டுக்கு மட்டும் விட்டுவிட வேண்டும். கணினியில் மென்பொருளைத் திறந்து, ஹெட்செட்டில் ஏர் லிங்கைத் தேர்ந்து, இரு பக்கமும் தெரியும் எண் ஒன்றுதானா என்று பார்த்து உறுதிசெய்தால் இணைப்பு தயார். தலையிலிருந்து இறங்கிய கேபிள் கணினிக்கும் ரௌட்டருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. அதையும் எடுத்துவிட்டு இரண்டையும் வைஃபையில் விட்டால் படம் திக்கத் தொடங்குகிறது.

குவெஸ்ட் 3இல் கண்ணுக்கு 2064×2208 புள்ளிகள். ரிஃப்ட்டைப்போல் மூன்றரை மடங்கு. ஏர் லிங்கில் வரும் தரவோ அதிகபட்சம் விநாடிக்கு 200 மெகாபிட். பழைய கேபிள் சுமந்ததில் இருபத்தெட்டில் ஒரு பங்கு. மிச்சத்தைச் சுருக்கும் கலை ஈடுகட்டுகிறது. அதற்கு நேரமும் பிடிக்கிறது. தலை அசைவு படமாக மாற 20 மில்லிவிநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது கேபிள் காலத்து இலக்கு. கம்பியில்லா வழியில் அது 40ஐத் தாண்டுவது சாதாரணம். தலை திரும்பியதை ஹெட்செட் கடைசி நொடியில் படத்தை நகர்த்திச் சரிசெய்துவிடுகிறது. கையின் தாமதத்தை அப்படி முழுதாக மறைக்க முடிவதில்லை. இருட்டுக் காட்சிகளிலும் மூடுபனியிலும் சாம்பல் திட்டுகள் தெரிகின்றன. முன்பு படம் நின்றால் எந்த முனை கழன்றது என்று குனிந்து பார்த்தால் போதும். இப்போது அடுத்த வீட்டு ரௌட்டர் அதே சேனலில் ஓடுகிறதா என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் குனியவும், தரையில் படுக்கவும், சுழன்று திரும்பவும் கிடைத்த உரிமைக்கு இந்த விலை தகும் என்றே நினைக்கிறேன். விமானச் சிமுலேட்டரில் அமர்பவர்களுக்கு அது பொருந்தாது. இருக்கையை விட்டு எழாதவருக்குக் கேபிளால் தொல்லையில்லை. அவருக்கு வேண்டியது கருவிப் பலகையின் சிறு எண்கள் தெளிவாகத் தெரிவது. குவெஸ்ட்டில் யுஎஸ்பி கேபிளைச் செருகினாலும் படம் சுருக்கப்பட்டே வருகிறது. சுருக்கம் இல்லாத படம் வேண்டுமானால் அவர் இன்றும் டிஸ்ப்ளேபோர்ட்டில் இணையும் ஹெட்செட்டைத்தான் நாட வேண்டும்.